முதல் பிடியே எட்டவில்லை

2024 ஆகஸ்ட் 10-ம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். பெண்கள் க்ளைம்பிங் இறுதிச் சுற்று. ஐ மோரி என்ற ஜப்பானியப் பெண் முதல் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறார். வயசு இருபது. உயரம் 154 சென்டிமீட்டர், நம்ம கணக்கில் ஐந்தடியும் கொஞ்சம் சில்லறையும். அண்ணாந்து பார்க்கிறார். ஏற ஆரம்பிக்க வேண்டிய பிடி தலைக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. குதிக்கிறார். கிடைக்கவில்லை. மறுபடி குதிக்கிறார். மறுபடியும். கொடுத்திருந்த நேரம் பூராவும் இதே வேலைதான். கடைசியில் பூஜ்யம்.

அதே பெண் சற்று நேரம் கழித்து, கயிறு கட்டி ஏறும் இரண்டாம் பகுதியில், இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டுப் பேரிலும் அதிக மார்க் வாங்கினார். 100-க்கு 96.1. தங்கம் வாங்கிய ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்ப்ரெட்கூட அந்தப் பகுதியில் இவருக்குக் கீழேதான். ஆனாலும் மொத்தத்தில் மோரிக்கு நாலாவது இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் பன்னிரண்டு மார்க் சொச்சம் வித்தியாசம். எட்டாமல் போன அந்த ஒரு சுவருக்கு 25 மார்க்.

உலகம் பூராவும் ரசிகர்கள் கொதித்தார்கள். குள்ளமான பெண்ணை வேண்டுமென்றே கழட்டிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. வெள்ளி வாங்கிய அமெரிக்காவின் புரூக் ராபட்டு மோரியைவிட மூணே சென்டிமீட்டர்தான் உயரம், அவர் பிடித்தாரே, குதிப்பதும் ஒரு திறமைதானே என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியின் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் என்னவோ உறுத்துகிறது. கதையின் நடுவில் வாசகன் திணறலாம், கடைசிப் பக்கத்தில் தோற்றும் போகலாம். அட்டையையே திறக்க முடியவில்லை என்றால் அந்தக் கதையை எழுதினவரைத்தானே முதலில் கேட்கவேண்டும்?

ஆமாம், சுவரை எழுதுகிறவர் என்று ஒருத்தர் உண்டு. இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் புத்தகம், சினிமா என்று அலசுவோம். இந்த வாரம் ஒரு சுவர். கூடவே இரண்டு புத்தகம், ஒரு படம்.

போல்டரிங் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மலையேற்றக் குடும்பத்தில் இது கடைக்குட்டி. கயிறு கிடையாது, கொக்கி கிடையாது, கூடத் துணைக்கு ஆள்கூட வேண்டாம். பதினாலு பதினைந்து அடி உயரத்துக்கு ஒரு பாறையோ சுவரோ. கீழே மெத்தை. காலில் இறுக்கமான ரப்பர் ஷூ, இடுப்பில் மக்னீசியம் பவுடர் பை. அந்த பவுடர் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தது. 1950-களில் அதைப் பாறைக்குக் கொண்டுவந்து, இதை ஒரு தனிக் கலையாக்கிய அமெரிக்கர் ஜான் கில், பிற்பாடு கணிதப் பேராசிரியர் ஆனார். ஏறவேண்டிய ஒவ்வொரு வழிக்கும் 'ப்ராப்ளம்' என்றுதான் பெயர். தமிழில் 'கணக்கு' என்று அழகாகச் சொல்லலாம். விடைக்குப் பெயர் 'பீட்டா'. ஒரு காலத்தில் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தோமே, அந்த பீட்டாமேக்ஸ் வீடியோ டேப்பிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

நகரத்து ஜிம்களில் ப்ளைவுட் சுவரில் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். பச்சைக் கணக்கு என்றால் பச்சைப் பிடிகளை மட்டும்தான் தொடலாம். மற்றவை கண்ணெதிரே இருந்தாலும் இல்லாததுபோல. இந்தப் பிடிகளை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்று தீர்மானிப்பவர் ரூட் செட்டர். அவர்தான் எழுத்தாளர். தான் எழுதியதைத் தானே ஏறிப் பார்த்துத் திருத்துவார். எந்த உடம்பால்? தன் உடம்பால். உலகம் முழுக்க இந்த வேலையில் பெரும்பாலும் ஆண்கள். ஆக, சுவருக்குள் ஒரு கற்பனை வாசகன் ஒளிந்திருக்கிறான். ஐந்தடி ஒன்பது அங்குலம், அகலத் தோள், நீளக் கை.

என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஐந்தடி ஒன்று. ஆறு மாசமாக இந்தச் சுவர்ப் பைத்தியம். முதல் மாதம் போனில் புலம்பினாள்.

"அத்தை, அங்க எல்லாரும் ஒரே எட்டுல பிடிச்சிடறாங்க. எனக்கு மட்டும் நடுவுல ரெண்டு படி வேணும்போல இருக்கு. நான் தத்தளிச்சு நிக்கறப்ப கீழேருந்து ஒருத்தர், 'சும்மா எட்டிப் பிடிங்க மேடம்'ங்கறார். எட்டினா நான் ஏன் தொங்கிட்டு இருக்கேன்?"

"யாரும்மா அவரு? மாஸ்டரா?"

"இல்ல அத்தை. அவரும் கத்துக்க வந்தவர்தான். என்னைவிட ஒரு வாரம் சீனியர்!"

இந்த ஒரு வார சீனியர்களுக்கு ஆங்கிலத்தில் பெயரே உண்டு. கேட்காத விடையை வாரித் தெளிப்பவர்கள். பஸ்ஸில் நீங்கள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து விடை சொல்வாரே ஒருத்தர், அதே ஜாதி. அவர் சொல்லும் விடை அவர் கைக்குச் சரி. அவள் கைக்கு அது தப்பு. ஒரே கணக்குக்கு இரண்டு விடை இருக்கலாம் என்பதை அந்த ஜிம்மில் யாருமே அவளுக்கு முதல் நாளில் சொல்லவில்லை. "பொண்ணுங்களுக்குக் கையில பலம் கம்மி, அதனால டெக்னிக்கை வளர்த்துக்கணும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆரம்பப் பாடப் புத்தகங்களிலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. பொய் என்பதால் அல்ல. சராசரியாகப் பார்த்தால் மேலுடம்பு பலத்தில் வித்தியாசம் இருப்பது உண்மைதான். கையால் இழுத்தே சமாளிக்க முடியாதவர்கள் காலை எங்கே வைப்பது, இடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று சீக்கிரம் கற்றுக்கொள்வதும் உண்மைதான். ஆனால் அதை ஆறுதல் பரிசு மாதிரி கொடுக்கிறார்கள். காலால் ஏறுவதுதான் ஏறுதலே என்பதை ஆணுக்கும் முதல் நாளே சொல்லவேண்டும். ஆண்களுக்கு அதைச் சொல்லாமல் விடுவதால், இரண்டு வருஷம் கழித்து தோள்பட்டை வலியோடு பிசியோதெரபிஸ்டிடம் போய் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், பலத்தையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதைப் பெண்களிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வளர்த்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரின் புத்தகம்தான் முதலாவது. லின் ஹில், 'க்ளைம்பிங் ஃப்ரீ', 2002. கிரெக் சைல்ட் என்ற மலையேறியும் எழுத்தாளருமானவரோடு சேர்ந்து எழுதியது. லின் ஹில் 1961-ல் டெட்ராய்ட்டில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். உயரம் ஐந்தடி இரண்டு. சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ். பெண் பிள்ளைகள் மட்டும் சிரித்த முகத்தோடு குழைந்து ஆடிக்காட்ட வேண்டும் என்ற சட்டம் பிடிக்காமல் போனது. பதினாலு வயதில் அக்காவும் அவரை மணக்கவிருந்தவரும் பாறைக்கு அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

அந்த நாட்களில் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் நடந்த ஒரு சம்பவத்தை லின் ஹில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சின்னப் பெண் ஒரு பாறையில் ஏறி இறங்குகிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் வந்து, அடேயப்பா, என்னாலேயே முடியாதே இது என்கிறார். பாராட்டுதான். அவளுக்குப் புரியவில்லை. உங்களால் முடியும் என்று நீங்கள் ஏன் முதலிலேயே நினைத்துக்கொண்டீர்கள்? இந்த ஒரு இடத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்த 'ஏ'காரம் இருக்கிறதே, 'என்னாலேயே', அதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. என் அண்ணன் மகளும் இப்போது அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். முப்பது கிலோ கூடுதலாக இருக்கும் ஓர் ஆள் முயன்று விழுந்த பிறகு இவள் ஏறினால், அவர் உடனே தன் கையைப் பார்த்துக்கொள்கிறாராம். ரிப்பேர் ஆன டார்ச் லைட்டைப் பார்ப்பதுபோல.

லின் ஹில்லின் பெரிய சாதனை போல்டரிங்கில் இல்லை. யோசெமிட்டியில் எல் கேபிடன் என்று சுமார் மூவாயிரம் அடி செங்குத்துப் பாறை. அதன் மூக்குப் பகுதியை, கயிறைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகால் பலத்தில் மட்டுமே 1993-ல் ஏறினார். ஆணோ பெண்ணோ அதற்கு முன் யாரும் செய்ததில்லை. மறு வருஷமே ஒரே நாளுக்குள், 23 மணி நேரத்தில் ஏறினார். ஒரே நாளில் அதை இன்னொருவர், டாமி கால்ட்வெல், செய்வதற்குப் பதினோரு வருஷம் ஆனது. வழியில் 'கிரேட் ரூஃப்' என்ற இடத்தில் விரல் நுனி மட்டும் நுழையும் ஒரு விரிசல் இருக்கிறது. அவருக்குச் சின்ன விரல், அதனால்தான் முடிந்தது என்று உடனே ஒரு விளக்கம் வந்துவிட்டது. சரி, சின்ன விரலுக்கு விரிசல் சாதகம். அதே பாதையில் நெட்டைக் கைக்குச் சாதகமான இடங்களைக் கணக்கில் எடுத்தார்களா? ஒரு நெட்டை மனிதர் ஏறினால், கை நீளம், அதனால் முடிந்தது என்று யாரும் எழுதுவதில்லை. உயரம் தகுதியாகிவிடுகிறது, சின்ன விரல் அதிர்ஷ்டமாகிவிடுகிறது.

அதே யோசெமிட்டியின் 'கேம்ப் 4' முகாமில் ஒரு பாறை. 'மிட்நைட் லைட்னிங்' என்று அதில் ஒரு கணக்கு, போல்டரிங் உலகத்தில் இதைவிடப் பிரபலமானது இல்லை. ரான் காக் 1978-ல் முதலில் போட்டார். ஒரு பெண் போடுவதற்கு 1998 ஆனது. அதுவும் லின் ஹில்தான். நடுவில் இருபது வருஷம். அவருக்கே முப்பத்தேழு வயசு ஆகியிருந்தது. முப்பது தாண்டியாச்சு, இனிமேல் எங்கே என்று சலித்துக்கொள்ளும் என் தோழிகள் இந்த வரியை மட்டும் இரண்டாம் தரம் படிக்கவும்.

புத்தகம் எப்படி? முதல் பாதி பிரமாதம். 1989-ல் பிரான்சில், கயிற்று முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறி, உச்சியில் சாய்ந்ததும் எழுபதடிக்கு மேல் விழுந்து, மரக்கிளையால் பிழைத்த கதையைத் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்வதுபோல் சொல்கிறார். ஆனால் பின்பாதியில் மலைமேல் மலையாக, நாடுமேல் நாடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சுற்றுலா டயரி வாசனை. பெரிய குறை வேறு. இந்தப் புத்தகத்தை ஆரம்பிக்கும் பெண்களிடம் கொடுத்து, 'பார், அவளால் முடிந்தது' என்கிறார்கள். பதினாலு வயதுக்குள் ஜிம்னாஸ்டிக்ஸ் உடம்பு வாங்கியிருந்தவரின் கதை அது. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்ட, பத்து வயசுக்கு மேல் மரத்தில் ஏறினால் வீட்டில் அடி விழுந்த பெண்ணுக்கு அது நேரடிப் பாடம் ஆகாது. உற்சாகம் கிடைக்கும். முதல் வாரம் என்ன செய்வது என்று கிடைக்காது.

அதனால் முதல் வாரத்துக்கு நானே சில சொல்கிறேன். அண்ணன் மகளின் உபயம்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். பிடியில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடம்பு கீழே போனால் விரலின் தோலையே உரித்துவிடும், விரலே போகலாம். வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் அப்படித்தான். தாலியைக் கழற்றுவதா என்று வீட்டில் பேச்சு வரலாம். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று மாமியாரிடம் விளக்கிப் பாருங்கள், பல மாமியார்கள் நாம் நினைப்பதைவிட விவரமானவர்கள். மெட்டி? அந்த இறுக்கமான ஷூவுக்குள் மெட்டியோடு ஐந்து நிமிஷம் நின்றாலே பதில் கிடைத்துவிடும்.

ஷூ வாங்கும்போது 'லேடீஸ் மாடல்' என்று எடுத்து வைப்பார்கள். நிறத்தைத் தவிர என்ன வித்தியாசம் என்றால், பாதத்தின் உள்ளளவு குறைவு, குதிகால் ஒடுக்கம். அவ்வளவே. ஒல்லிக்கால் ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டே அதைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில கம்பெனிகள் இப்போது அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'லோ வால்யூம்' என்று போடுகின்றன. ஆண்களின் வெட்கம் தீர்க்கப்பட்டது.

விழக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் பல ஆரம்ப வகுப்புகள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகின்றன. போல்டரிங்கில் ஒவ்வொரு விழுதலும் தரைக்குத்தான், தாங்கிப் பிடிக்கக் கயிறு இல்லை. இரண்டு காலும் சேர்ந்து இறங்கணும், முட்டி மடங்கணும், அப்படியே பின்னால் உருளணும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டும் முழங்கையும் போகும். பாதி உயரத்திலிருந்து பத்துத் தடவை வேண்டுமென்றே விழுந்து பார்க்கணும். ரூட் செட்டர்களையும் ஜிம் முதலாளிகளையும் எவ்வளவோ குறை சொல்லலாம். விழப் பயப்படுவது நம் வீட்டில் ஊட்டி வளர்த்த சமாச்சாரம். பையன் விழுந்தால் 'எழுந்திருடா, ஒண்ணுமில்ல', பெண் விழுந்தால் 'ஐயையோ, முகத்துல அடி பட்டுச்சா?' பயந்த உடம்பு பிடியை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் முழங்கைக்குக் கீழே தசை வீங்கிக் கல்லாகும். கல்லானால் விரல் தானாகத் திறக்கும். பயந்ததே நடக்கும்.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை. தசை சில மாதங்களில் பலம் பெற்றுவிடும். விரலின் தசைநாண்களுக்கு வருஷக்கணக்கில் ஆகும். மூன்றாம் மாதமே விரல் நுனியில் தொங்கும் பலகைப் பயிற்சியில் இறங்குபவர்கள், ஒரு நாள் 'டப்' என்று சத்தம் கேட்டு டாக்டரிடம் போகிறார்கள்.

சரி, சுவர் விமர்சனத்துக்குத் திரும்புவோம். பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ என்ற காடு. மணற்கல் பாறைகள் யானைக் கூட்டம் மாதிரி படுத்திருக்கும். போல்டரிங்கின் தாய்வீடு. அங்கே 1940-களிலிருந்து வண்ண அம்புக்குறி போட்டுப் பாதைகள் வகுத்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் குழந்தைகளுக்கு, மஞ்சள் சுலபம், அப்புறம் ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு. ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாகப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தக் கணக்குகளை இயற்கை எழுதியது. இயற்கைக்கு ஐந்தடி ஒன்பது அங்குல வாசகன் கிடையாது. நெட்டைக்கு எட்டும் விளிம்பு குட்டைக்கு எட்டாவிட்டால், நடுவில் ஒரு நெல்மணி அளவு மேடு இருக்கும், அதில் கட்டைவிரலை வைத்துத் தாண்டிப் போகலாம். ஜிம் சுவரில் அது முடியாது. பச்சையைத் தவிர எதையும் தொடக்கூடாது என்ற சட்டத்தால், செட்டரின் உடம்பே சட்டமாகிவிடுகிறது.

குட்டையானவர்களுக்கு எல்லா இடத்திலும் தோல்வி என்று சொல்லவில்லை. உட்கார்ந்தபடி ஆரம்பிக்கும் கணக்குகள், உடம்பைச் சுருக்கி நுழையும் கணக்குகள், சின்னப் பிடிகள், இவற்றில் நெட்டைகள் கொக்கு மாதிரி மடிந்து திண்டாடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நல்ல செட்டர் என்பவர் எட்டாத இடத்தில் ஒரு சின்னக் கால்பிடியைக் கூடுதலாக வைத்து, உங்களுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுபவர். கஷ்டம் குறையாது, வேறு கஷ்டமாக மாறும். நல்ல எழுத்தாளருக்கு என்ன இலக்கணமோ அதேதான்.

கஷ்டத்தை அளக்க ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் வி ஸ்கேல், ஜான் ஷெர்மன் என்பவர் உபயம். வி0-ல் தொடங்கி எண் ஏறிக்கொண்டே போகும். வி0-வே புதுசாக வருகிறவர்களுக்குக் கஷ்டம் என்று பின்னால் அதற்கும் கீழே ஒன்று சேர்த்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஆரம்பிக்கும் ஒரே பள்ளிக்கூடம்! இந்த எண் தராசில் நிறுத்தது அல்ல. ஏறியவர்கள் பேசி வைத்துக்கொண்டது. 2023-ல் கொலராடோவில் 'பாக்ஸ் தெரபி' என்ற கணக்கைக் கேட்டி லாம்ப் போட்டார். முன்னால் ஏறிய ஆண்கள் அதை வி16 என்று வைத்திருந்தார்கள். எந்தப் பெண்ணும் அதுவரை வி16 போட்டதில்லை. சில மாதங்களில் அதே கணக்கைப் போட்ட புரூக் ராபட்டு, இது வி15 என்றார். பெண் ஏறினால் உடனே விலை குறைந்துவிடுகிறது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. விலையைக் குறைத்தவரும் பெண்தான், தன் கிரீடத்தையும் சேர்த்துத்தான் குறைத்துக்கொண்டார் என்பது கோபத்தில் மறந்துபோச்சு. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் புதுசாக வருகிறவர்களுக்கு இந்த எண் ஒரு பிசாசு. என் அண்ணன் மகள் ஒரு மாதம் முழுக்க வி2-விலேயே நின்றுவிட்டதாக அழுதாள். அந்த ஜிம்மின் வி2-க்களில் முக்கால்வாசி நீள எட்டு வேண்டுபவை என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்னொரு ஜிம்முக்குப் போனாள். ஒரே சாயங்காலத்தில் மூன்று வி3.

இப்போது படம். 2003-ல் வந்த 'பில்கிரிமேஜ்'. கிறிஸ் ஷர்மா என்ற அமெரிக்க நட்சத்திரம் நண்பர்களோடு நம்ம ஹம்பிக்கு வந்து பாறை ஏறியதைக் காட்டுவது. உலகத்து போல்டரிங்காரர்களுக்கு ஹம்பியை அறிமுகப்படுத்தியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. துங்கபத்திரா, வாழைத்தோப்பு, அந்தி வெயிலில் பொன்னாகும் கருங்கல் என்று ஒளிப்பதிவு சொக்க வைக்கிறது. விஜயநகரம் பற்றியோ உள்ளூர் மனிதர்கள் பற்றியோ கேட்காதீர்கள், அவர்கள் பின்னணி அலங்காரம். கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டி பிரவுன். சின்ன உருவம். அமைதியாக வந்து, அமைதியாக ஏறி, அமைதியாகப் போய்விடுகிறார்.

1990-களின் நடுவில், பதினாலு பதினைந்து வயதில், பெரிய பெண்களையெல்லாம் தோற்கடித்த அதிசயக் குழந்தை அவர். அந்தக் குட்டி உடம்பின் லேசை எல்லாரும் வியந்தார்கள். உச்சத்தில் இருந்தபோதே போட்டிகளிலிருந்து ஒதுங்கிப்போனார். ஏன் என்பதற்கு 2022-ல் தான் முழுசாகப் பதில் எழுதினார். புத்தகத்தின் பெயர் 'அன்ராவல்ட்'. நூல் பிரிந்துபோனது என்று சொல்லலாம். பட்டினியின் கதை அது. சாப்பாட்டோடு ஒரு பெண் நடத்திய நீண்ட யுத்தம்.

இந்த விளையாட்டில் நீங்கள் தூக்கவேண்டிய ஒரே சுமை உங்கள் உடம்பு. அதனால் எடை குறைந்தால் முதலில் நிஜமாகவே நன்றாக ஏறலாம். பொறி அங்கேதான் இருக்கிறது. முதல் சில மாதங்கள் பட்டினி பரிசு கொடுக்கும். அப்புறம் மாதவிலக்கு நிற்கும், எலும்பு பலவீனமாகும், காயம் ஆறாது. உயர்மட்டப் போட்டிகளில் இது ஊரறிந்த ரகசியமாகவே இருந்தது. சர்வதேச சம்மேளனம் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று அதன் மருத்துவக் குழுவிலிருந்து 2023-ல் டாக்டர்கள் ராஜினாமா செய்தார்கள். யான்யா கார்ன்ப்ரெட்டும் வெளிப்படையாகப் பேசினார். 2024-ல் தான் வீரர்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் புது விதிகள் வந்தன. (அதே சம்மேளனத்தின் நேரடி ஒளிபரப்பு 2021-ல் ஓர் ஆஸ்திரிய வீராங்கனையின் பின்புறத்தை நெருக்கத்தில் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டது. சில மாதங்களில் அதே தப்பை அதே பெண்ணுக்கு மறுபடி செய்து, மறுபடி மன்னிப்புக் கேட்டது.)

கேட்டி பிரவுனின் புத்தகத்தில் வெற்றி வாணவேடிக்கை இல்லை. சில இடங்களில் சொன்னதையே சொல்கிறார். குடும்பம் பற்றிய பகுதிகளில் மூச்சு முட்டுகிறது. முடிந்தது, குணமாகிவிட்டேன் என்று முடிச்சுப் போட்டுக் கொடுப்பதும் இல்லை. ஆனால் லின் ஹில்லின் புத்தகத்தில் உடம்பு ஒரு கருவி, சொன்னால் கேட்கும். இதில் உடம்பு பேசுகிறது, சொந்தக்காரிக்கு அது காதில் விழவில்லை. படித்துவிட்டு 'பில்கிரிமேஜ்' படத்தை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். ஷர்மா ஏறும் காட்சிகளை ஓடவிட்டுவிட்டேன்.

என் அண்ணன் மகளுக்கு இரண்டு புத்தகமும் வாங்கி அனுப்பினேன். போன வாரம் போன் செய்தாள். மூணு வேளையும் சாப்பிடுகிறேன் என்று முதல் வரியிலேயே சொன்னதிலிருந்து எதை முதலில் படித்தாள் என்று தெரிந்துகொண்டேன். ஜிம்மில் செட்டரிடம் போய், அந்தப் பச்சைக் கணக்கில் மூணாவது பிடிக்குக் கீழே ஒரு கால்பிடி வையுங்கள் என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னாரு?"

"யோசிச்சார் அத்தை. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை என் கையில குடுத்து, நீங்களே வெச்சு ஏறிப் பாருங்கன்னுட்டார்."

"வெச்சியா?"

"மூணு தடவை மாத்தி மாத்தி வெச்சேன். இப்ப அது ரொம்பக் கஷ்டமா ஆயிடுச்சு. அந்த ஒரு வார சீனியர் இருக்காரே, அவரால முடியல!"